கழற்றி மாட்டும் கை

நுழையும்முன்

ஆடலைக் காண்போர் பாதத்தையும் முத்திரையையும் முகத்தையும் காண்கின்றனர். தோள்மூட்டில் ஓடும் தையலைக் காண்பதில்லை. உயர்த்திய கை உயர்ந்தபடி நிற்பதும் தளர்ந்து தாழ்வதும் பலவேளைகளில் அத்தையலைப் பொறுத்தவை. நாட்டிய உடையின் கைப்பகுதியை உடற்பகுதியிலிருந்து பிரித்துத் தைப்பது ஏன், எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கை உயர்ந்தால் உடையும் உயரும்

பரதநாட்டியம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலில் கற்கும் நிலைகளுள் ஒன்று நாட்டியாரம்பம். இரு கைகளும் தோள்மட்டத்தில் பக்கவாட்டில் நீண்டிருக்கும். முழங்கைகள் சற்றே மடிந்திருக்கும். அடவுகள் பலவும் இந்நிலையில் தொடங்கி இந்நிலைக்கே திரும்புகின்றன. ஆகவே, ஒரு நிகழ்ச்சியை ஆடி முடிப்பதற்குள் ஆடுநர் தம் கைகளை எண்ணற்ற முறை தோள்மட்டத்திற்கு உயர்த்தி நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆடைக்கோ கை தொங்கும் நிலையே இயல்பு நிலை. இரவிக்கை அணிந்த ஒருவர் பரணில் உள்ள பாத்திரத்தை எட்டி எடுக்கும்போது, இரவிக்கையின் கீழ்விளிம்பு மேலேறுவதைக் காணலாம். இதன் காரணம் எளியது. கை தொங்கும்போது விலாவுக்கும் முழங்கையின் உட்புறத்திற்கும் இடையே உள்ள தொலைவு குறைவு. கையை உயர்த்தினால் அத்தொலைவு நீளும். நீளும் அளவுக்கு உரிய துணி எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். பாவும் ஊடையும் செறிந்த பட்டு எளிதில் நெகிழாது. சரிகைக் கரையோ சிறிதும் நெகிழாது. எனவே, உயரும் கை தனக்கு வேண்டிய துணியை உடற்பகுதியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. இழுக்க இயலாதவாறு உடை இறுக்கமாக இருந்தால், துணி கையைத் தடுத்து நிறுத்திவிடுகிறது.

மேடையில் இரண்டும் கேடு. முன்னதில் உடை குலையும். பின்னதில் ஆடல் குலையும். தோள்மட்டத்தில் நிற்க வேண்டிய முழங்கை நான்கு விரற்கடை தாழ்ந்துவிட்டால், காண்போர் அதனை ஆடுநரின் சோர்வு என்றே கொள்வர். துணியின் மீது எவரும் ஐயங்கொள்வதில்லை.

தையல் அறிந்தோர் அறிந்த முரண்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரில் வாழ்ந்த தொழிலாளருள் துன்னகாரரையும் குறிப்பிடுகிறது. துன்னுதல் என்பது தைத்தல். அத்தொழிலின் கடினமான பகுதி இரு துண்டுகளை இணைப்பது அன்று. அணிபவர் எவ்வாறெல்லாம் அசைவார் என்பதை வெட்டும்போதே கணித்துவிடுவதாகும்.

உடற்பகுதியும் கைப்பகுதியும் சேரும் வட்டமான வெட்டு கைக்குழி எனப்படும். கை தடையின்றி உயர வேண்டுமானால் கைக்குழியை ஆழமாக வெட்டவேண்டும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. கைக்குழி ஆழமாக இருந்தால், ஆடையின் கை விலாவில் தாழ்ந்த ஓரிடத்தில் சென்று இணைகிறது. கை உயரும்போது அந்தத் தாழ்ந்த இடமே மேலே இழுபடுவதால், அதனோடு உடற்பகுதி முழுவதும் எழுகிறது. கைக்குழி அக்குளை ஒட்டி மேலே அமைந்தால், துணி திரும்பும் இடமும் எலும்புமூட்டு திரும்பும் இடமும் நெருங்கிவிடுகின்றன; இழுப்பு குறைகிறது. தளர்வே வசதி என்னும் பொதுக்கருத்து தோள்மூட்டில் செல்லாது.

கைப்பகுதியை வெட்டும் முறையும் கருதத்தக்கது. மேசைமேல் விரித்துப் பார்த்தால் அதன் மேல்விளிம்பு ஒரு குன்றுபோல் வளைந்திருக்கும். குன்று உயரமாக இருப்பின், தொங்கும் கையில் துணி சுருக்கமின்றி அழகாக அமரும். கையை உயர்த்தினால் இழுக்கும். குன்று தாழ்ந்து அகன்றிருப்பின், கை உயர இடங்கொடுக்கும். தொங்கும்போது அக்குளில் மடிப்பு விழும். புகைப்படத்திற்கு முதல்வகை ஏற்றது. ஆடலுக்கு இரண்டாம் வகையே தகும். அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றை இணைத்து, கை உயரும்போது அது விரியுமாறு செய்வதும் உண்டு. துணியைப் பாவுக்கும் ஊடைக்கும் 45 பாகைச் சாய்வில் வெட்டினால் அது ஓரளவு நெகிழும் என்பதும் உண்மையே. ஆயினும், பட்டுக் கரை வைத்த கைக்கு இவ்வழி பொருந்தாது. கரை கையைச் சுற்றி நேராக ஓடினால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

இணைப்பை நீக்கிய மரபுகள்

மேற்கூறிய வழிகள் இழுப்பைக் குறைக்குமே அன்றி முற்றிலும் நீக்கா. கைப்பகுதியை உடற்பகுதியோடு முழுவட்டமாகத் தைக்காமல் விட்டால் இழுப்புக்கே இடமில்லை. இவ்வெண்ணம் புதியதன்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் செல்வர் அணிந்த மேலாடைகளில் கைப்பகுதி தனியாகத் தைக்கப்பட்டு, தோளில் நாடாக்களால் கட்டப்பட்டது. நாடாவின் நுனி துளையில் எளிதாக நுழைவதற்கு அதில் உலோகக் குப்பி பொருத்தப்பட்டிருந்தது. கட்டுகளுக்கு இடையே உள்ளாடையின் வெண்துணியை வெளியே இழுத்துவிட்டு, அவ்விடைவெளியையே அழகாக்கிக் கொண்டனர். ஒரே உடலாடைக்குப் பல நிறக் கைகளை மாற்றி அணிய முடிந்ததால், அரண்மனை ஆடைப் பட்டியல்களில் கைகள் தனி இனமாகவே எழுதப்பட்டன.

பாலே நடனத்தில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. அங்கு உடற்பகுதி உடலோடு ஒட்டி இறுகியிருக்கும். மெல்லிய துணியாலான கை, நெகிழ்நாடா கோக்கப்பட்டுத் தோளுக்குக் கீழே தனியாக நிற்கும். உடற்பகுதியோடு அதனைச் சில தையல்களே பிணைக்கும். உடற்பகுதியின் முதுகில் கொக்கிகள் மாட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் அமைவதால், ஓர் உடை பின்னர் வேறொருவருக்கும் பயன்படுகிறது. சப்பானியர் கபுகி நாடகத்தில் மேலாடையைத் தளர்ந்த ஓட்டுத்தையலால் மட்டும் பிணைத்து, உரிய நொடியில் உதவியாளர் நூலை உருவிவிட, உள்ளிருக்கும் வேறோர் ஆடை தோன்றுமாறு செய்கின்றனர். தைத்ததைப் பிரிப்பதும் தையலின் ஒரு கூறே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பது கடினம்.

பரதநாட்டிய உடையும் துண்டுகளால் ஆனது. முன்னர்ப் புடவையைக் கட்டியே ஆடினர். பாலசரசுவதி போன்றோர் புடவையிலேயே தொடர்ந்து ஆடினர். 1935ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மேடையேறிய ருக்மிணி தேவி, நாட்டிய உடையமைப்பில் பெரும் மாற்றங்களைக் கொண்டுவந்தார். பின்னர்த் தைத்த உடை பரவியது. இன்று ஒரு பட்டுப்புடவை வெட்டப்பட்டு, கால்சட்டை, முன்விசிறி, பின்துண்டு, மேலாக்கு, இரவிக்கை எனத் தனித்தனியே தைக்கப்படுகிறது. எனினும், இரவிக்கையின் கை பெரும்பாலும் நிலையாகவே இணைக்கப்படுகிறது. நாட்டிய நாடகத்தில் ஒருவரே தோழியாகவும் பின்னர் அரசியாகவும் வரும்போதும், வளரும் பிள்ளைகளுக்கு உடைதைக்கும்போதும் கழற்றி மாட்டும் கையின் அருமை புலப்படும். பிள்ளைகளுக்கு முதலில் இறுகிப்போவது பெரும்பாலும் கையே. கைகளை மட்டும் புதிதாகத் தைத்துக்கொள்ள முடிந்தால், விலை மிகுந்த ஒரு பட்டுடை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது அரங்கேற்றத்தைத் தள்ளிப்போடாமல் ஆடும் வாய்ப்பாகவும் அமையலாம்.

தைக்கும் முறை

முதலில் உடற்பகுதியைக் கையில்லாத இரவிக்கையாக முழுமையாகத் தைத்து முடிக்க வேண்டும். கைக்குழி அக்குளை ஒட்டி உயர்ந்திருக்க வேண்டும். அதன் விளிம்புக்கு உட்புறம் குறுக்காக வெட்டிய பருத்தித் துணியைப் பட்டியாக வைத்துத் தைப்பது நலம். கொக்கிகளின் இழுப்பைத் தாங்குவது பட்டன்று, இப்பட்டியே.

அளவெடுக்கும்போது கையைத் தொங்கவிட்டு அளத்தல் பெரும்பிழை. முழங்கையை மடக்கினால் மேற்கைத் தசை திரளும், கரையோ நெகிழாது. ஆகவே, முழங்கையை மடித்துக் கையைத் தோள்மட்டத்தில் நிறுத்திச் சுற்றளவு எடுத்து, அதனுடன் 2 செ.மீ. கூட்ட வேண்டும். கரையைப் புடவையிலிருந்து வெட்டும்முன் இரு கைகளிலும் கரையின் வேலைப்பாடு ஒரே இடத்தில் தொடங்குமாறு குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கையில் முழு அன்னமும் மறுகையில் அரை அன்னமும் வந்தால், கடைசி வரிசையில் இருப்பவர்க்கும் அது தெரியும்.

கைப்பகுதியின் குன்றுவிளிம்பைத் தாழ்வாக வெட்டி, பருத்தி உள்துணி வைத்து, விளிம்பு முழுவதையும் மூடித் தைக்க வேண்டும். இவ்விளிம்பு உடற்பகுதியின் தோள்விளிம்புக்கு அடியில் ஏறத்தாழ 2 செ.மீ. நுழைந்திருக்கும். தோளின் உச்சியில் ஒன்று, முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என ஐந்து இடங்களில் கொக்கி வைத்தால் போதும். அக்குளின் அடிப்பகுதியை இணைக்கவே கூடாது. கழற்றி மாட்டும் கையின் பயன் முழுவதும் இந்தத் திறந்த இடத்தில்தான் இருக்கிறது. கை உயரும்போது ஆடையின் கை அதனோடு செல்லும். உடற்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். இடைவெளி வெளியே தெரியாதிருக்க, அதே நிறத்தில் நெகிழும் பின்னல்துணியைப் பிறைவடிவில் வெட்டி, கைப்பகுதியின் உட்புறத்தில் மட்டும் தைத்துக்கொள்ளலாம்.

எதனால் மாட்டுவது என்பதிலும் தேர்வு வேண்டும். அழுத்துப் பொத்தான்கள் விரைவாக மாட்ட உதவும். வேகமான கையசைவில் அவை விடுபடவும் கூடும். ஒட்டுப்பட்டை இன்னும் எளிது. ஆனால் அதன் சொரசொரப்பு பட்டிழைகளைப் பற்றி இழுத்துச் சிதைக்கும். தட்டையான கொக்கியும், அது மாட்டுவதற்குக் காஜாத் தையலால் அமைத்த நூல்வளையமும் மாட்டுவதற்குச் சற்று நேரம் எடுத்தாலும் மேடையில் ஏமாற்றுவதில்லை. வளையம் நூலால் ஆனது என்பதால் உலோகம் தோளை உறுத்துவதும் இல்லை. மேற்கையில் அணியும் வங்கி கரையின்மேல் அமர்ந்து, துணி நழுவாமல் காக்கத் துணைநிற்கும்.

ஐந்து கொக்கிகளையும் உடனே இறுதியாகத் தைத்துவிடலாகாது. ஓட்டுத்தையலால் பொருத்தி, அணிபவரை நாட்டியாரம்பத்தில் நிற்கச் செய்து, பின்னர் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, இருபுறமும் சாயச் செய்து பார்க்க வேண்டும். தோளுச்சியில் துணி புடைத்தால் முதற்கொக்கியைச் சற்று உள்ளே தள்ள வேண்டும். பின்புறம் இழுத்தால் பின்கொக்கிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் கைகளைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி, நிழலில் காற்றாட இடவேண்டும். வியர்வை பட்டின் வலிமையைக் குறைக்கும், சரிகையைக் கருக்கும். இரு கைகளும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. தோளின் பின்புறம் அகலமானது என்பதால், பின்பகுதி வளைவு முன்பகுதி வளைவினும் சற்று வேறுபடும். ஒப்பனை அறையின் பரபரப்பில் இடக்கையும் வலக்கையும் மாறாதிருக்க, இடக்கையின் உள்துணியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சிட்டு வைப்பது நல்ல வழக்கம்.