நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

வண்ணக் கண்ணாடிச் செங்கல் ஒன்று பழைய சாமான் கடையிலோ இடிக்கிற கட்டடத்திலோ கிடைத்தால், எல்லாரும் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். நிறம் அப்படி இழுக்கும். ஆனால் அது எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் எடை. அளவுக்குத் தகுந்த கனம் இல்லையென்றால் உள்ளே கூடு. அடுத்து, ஓரங்களை விரலால் தடவுங்கள். ஒரு பக்கத்தில் தனியாகப் பொட்டு வைத்ததுபோல் ஒரு கண்ணாடித் திட்டு தட்டுப்பட்டால், அது வாயால் ஊதிச் செய்த கல்லாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தத் தழும்பைப் பின்தொடர்ந்தால் சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக்கரையில் இருக்கும் நியோன் என்ற ஊருக்குப் போய்ச் சேரலாம்.

அந்த ஊர்க் கட்டடக் கலைஞர் குஸ்தாவ் ஃபால்கோனியே, 1886இல் இந்தக் கல்லுக்குக் காப்புரிமை வாங்கினார். பாட்டில் செய்வதுபோலவே அச்சுக்குள் கண்ணாடியை ஊத வேண்டும். சூடு ஆறுவதற்கு முன்பே, ஊதிய துளையின்மேல் உருகிய கண்ணாடியைக் கொஞ்சம் வைத்து அடைத்துவிட வேண்டும். நாம் தடவிய பொட்டு அதுதான். உள்ளே சிக்கிய சூடான காற்று குளிரும்போது அதன் அழுத்தம் குறைகிறது. தூசியும் ஈரமும் உள்ளே போக வழியில்லை, வெப்பமும் எளிதில் கடக்காது. அதனால்தான் குளிர்நாடுகளில் செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்கு இதை விரும்பினார்கள். அறுகோணம் உட்படப் பல வடிவங்கள் வந்தன. பக்கங்களில் சாந்து பிடிப்பதற்குப் பள்ளம் இருக்கும். சிலவற்றில் ஃபால்கோனியேயின் பெயரோ வடிவத்தின் எண்ணோ அச்சிலேயே பதிந்திருக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

இதை அலங்காரத்துக்கான பொருள் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பது என் கட்சி. பாரிஸில் 25 பிஸ், ஃபிராங்க்ளின் தெருவில் கட்டடக் கலைஞர் ஓகுஸ்த் பெரே 1903-04இல் கட்டிய அடுக்குமாடி வீட்டைப் பாருங்கள். பின்பக்கம் அடுத்தவர் மனை. அங்கே சன்னல் வைத்தால் பக்கத்து வீட்டுக்குள் பார்வை விழும் என்பதால் சட்டம் இடம் தரவில்லை. பெரே மாடிப்படிச் சுவரை ஃபால்கோனியே கற்களால் அடைத்தார். படியில் ஏறுகிறவருக்கு வெளிச்சம் கிடைத்தது, அண்டை வீட்டாரின் அந்தரங்கமும் காக்கப்பட்டது. வெளிச்சத்தை விடு, பார்வையை விடாதே: இதுதான் அந்தக் கல்லுக்குக் கொடுத்த வேலை. அழகு அதோடு கூட வந்தது. ஆனால் மேல்மாடியின் பாரத்தை அதன் தலையில் ஏற்ற முடியாது. இடைவெளியை அடைக்கத்தான் உதவும்.

பொட்டு இல்லை, ஆனால் நடுவில் சுற்றிலும் ஒரு இணைப்புக் கோடு ஓடுகிறதா? அப்படியானால் அது ஊதியதல்ல. அச்சில் அழுத்திய இரண்டு பாதிகளைச் சூட்டோடு ஒட்டிய கல். 1930களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பெருமளவில் இறங்கிய முறை இது. இன்று குளியலறைச் சுவரில் பதிக்க விற்பனையாகும் கற்களும் அந்த வம்சம்தான்.

உள்ளே கூடே இல்லாமல் கட்டியாக, 2.5 செ.மீ. அளவு தடிமனுடன், ஓரங்களில் சுத்தியால் சில்லு சில்லாகத் தட்டிய தடயம் இருந்தால் அதைச் செங்கல் என்றே சொல்லக் கூடாது. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைஞர்கள் வளர்த்த பலகைக் கண்ணாடி அது. வேண்டிய வடிவுக்கு உடைத்து, கான்கிரீட்டில் பதித்து, தேவாலயச் சன்னல் ஆக்குவார்கள். அந்தச் சில்லுகள் கைப்பிழை அல்ல, ஒளியைச் சிதறவைக்க வேண்டுமென்றே தட்டியவை. பெர்லினில் 1961இல் திறந்த கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தின் நீலச் சுவர்களுக்கு ஷார்த்ர் நகரத்துக் கலைஞர் காப்ரியேல் லுவார் கண்ணாடி செய்து கொடுத்தார். அங்கே உள்ளே நின்றால் சுவரே நீல ஒளியாக மாறியிருக்கும்.

இனி நிறத்துக்கு வரலாம். பச்சை பெரும்பாலும் மணலில் இருக்கும் இரும்பின் நிறம். ஆழ்ந்த நீலம் கோபால்ட். வெளிர் ஊதாவிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இரும்பின் பச்சையைப் போக்க அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்ப்பார்கள். பல வருட வெயிலில் அது மெல்ல ஊதாவாகிவிடும். 1845இல் தாடியஸ் ஹயாட் காப்புரிமை பெற்றபின் பரவிய நடைபாதைக் கண்ணாடிகளில் இதைக் காணலாம். நிலவறைக்கு வெளிச்சம் இறக்க இரும்புச் சட்டத்தில் பதித்த கண்ணாடிகள் அவை. நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் இன்று அவை ஊதாவாக மின்னுகின்றன. செய்தவர் கொடுத்த நிறமல்ல, சூரியன் கொடுத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் மாங்கனீசுக்குத் தட்டுப்பாடு வந்து, தொழிற்சாலைகள் செலீனியத்துக்கு மாறின. ஆகவே அங்கிருந்து வந்த ஊதாக் கல்லின் வயதை ஓரளவு கணிக்கலாம்.

அதே ஊதாவில் 10 செ.மீ. சதுர வில்லையாக, பின்புறம் வரிவரியான முகடுகளோடு இருந்தால் அது லக்ஸ்ஃபர் பட்டகம். கடையின் முகப்பில் விழும் வெளிச்சத்தை வளைத்து உள்ளறை வரை அனுப்புவது அந்த முகடுகளின் வேலை. மின்விளக்குச் செலவு அதிகமாக இருந்த நாளில் அது பெரிய விஷயம். 1897இல் இளம் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் இதன் முன்பக்கத்துக்குப் பூவேலை வடிவங்கள் வரைந்து கொடுத்தார்.

கடைசியாக ஒன்று. ஓரத்தில் சாந்து ஒட்டியிருந்தால் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். சுண்ணாம்பா சிமென்டா, எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் வெயிலில் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்தால், அந்தக் கல் சுவரில் எப்படி நின்றது, எந்த முகம் தெருவைப் பார்த்தது என்பதை அங்கிருந்தே படித்துவிடலாம்.