தண்டவாளத்தை இணைக்கும் கணக்கு

தண்டவாளங்களை இடைவெளியின்றி இணைக்கப் பல நாடுகளின் ரயில்வேக்கள் கையாளும் தெர்மிட் முறைக்கு ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்றார்; 1899-இல் எசென் நகரத்து டிராம் பாதையில் அது நடைமுறைக்கு வந்தது. இரும்பு ஆக்சைடுத் தூளையும் அலுமினியத் தூளையும் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு அலுமினியம் ஆக்சைடாக மாற, விடுபட்ட இரும்பு 2000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகி அடியில் தங்குகிறது. எடை குறைந்த ஆக்சைடு கசடாக மேலே மிதக்கிறது.

எவ்வளவு இரும்பு கிடைக்கும் என்பதைத் தராசு மட்டும் சொல்லிவிடாது. ஃபெரிக் ஆக்சைடின் ஒரு மூலக்கூறு அளவுக்கு அலுமினியத்தின் இரண்டு அணுக்கள் தேவை என்பது சமன்செய்யப்பட்ட சமன்பாடு கூறும் விகிதம். அது எண்ணிக்கையின் விகிதமேயன்றி எடையின் விகிதம் அன்று. எனவே கிராமை எண்ணிக்கையாக மாற்ற, வேதியியலர் மோல் என்னும் அலகைப் பயன்படுத்துகின்றனர்: ஃபெரிக் ஆக்சைடின் ஒரு மோல் ஏறத்தாழ 160 கிராம், அலுமினியம் 27 கிராம், இரும்பு 56 கிராம்.

ஆக்சைடு 1000 கிராமும் அலுமினியம் 400 கிராமும் எடுத்துக்கொள்ளப்படுவதாகக் கொண்டால், எடையில் பாதிகூட இல்லாத அலுமினியமே முதலில் தீர்ந்துபோகும் என்று தோன்றும். ஆனால் 1000 கிராம் ஆக்சைடு என்பது 6.25 மோல், அதற்கு வேண்டிய அலுமினியம் 12.5 மோல், அதாவது 337.5 கிராம் மட்டுமே. ஆகவே முதலில் தீர்வது ஆக்சைடுதான். முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் இத்தகைய பொருளைப் பாடநூல்கள் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்கின்றன. அலுமினியத்தில் 62.5 கிராம் வினைபுரியாமல் எஞ்சும். கிடைக்கும் இரும்பைக் கணக்கிடக் கட்டுப்பாட்டுக் காரணியை மட்டுமே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்: 12.5 மோல் இரும்பு, அதாவது 700 கிராம். இதுவே கோட்பாட்டு விளைச்சல். மேற்கொண்டு எத்தனை கிலோ அலுமினியத்தைக் கொட்டினாலும் இந்த எண் உயராது.

உண்மையில் கிடைப்பது பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். கொஞ்சம் இரும்பு தெறித்துச் சிதறுகிறது, கொஞ்சம் கசடில் சிக்கிக்கொள்கிறது. 665 கிராம் கிடைத்தால் விளைச்சல் 95 விழுக்காடு. மாறாக 720 கிராம் கிடைத்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. எஞ்சிய அலுமினியம் உருகிய இரும்பில் கலந்துவிட்டது என்றே ஐயுற வேண்டும், அது பற்றிணைப்பின் தன்மையையும் மாற்றிவிடும்.

தண்டவாளப் பணியிடத்தில் யாரும் தூளை எடைபோட்டுக் கலப்பதில்லை. எஃகின் வலிமைக்கான உலோகங்களும் சேர்த்துத் தொழிற்சாலையில் அளந்து மூடிய பொட்டலமாகவே கலவை வருகிறது. அதிலிருந்து எடுப்பதும் அதில் கூட்டுவதும் கூடாது.