குடிநீரில் பிளாஸ்டிக் துகள்கள்: தெரிந்தது என்ன, செய்ய வேண்டியது என்ன?

பாட்டில் தண்ணீர் ஒரு லிட்டரில் சராசரியாக 2.4 லட்சம் பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாக அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அங்கே கடைகளில் விற்கும் மூன்று பிராண்டுகளை லேசர் நுண்ணோக்கியால் சோதித்துப் பெற்ற கணக்கு இது. 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை மைக்ரோபிளாஸ்டிக். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமீட்டருக்கும் சிறியவை நானோபிளாஸ்டிக். கண்டறிந்த துகள்களில் பத்துக்கு ஒன்பது இந்த நானோ வகை.

எங்கிருந்து வருகின்றன?

ஒரு பகுதி தண்ணீரை அடைக்கும் பொருளிலிருந்தே. பாட்டிலை அழுத்தினாலும், சூடுபட்டாலும் அதன் சுவர் உதிர்கிறது. மூடியைத் திருகித் திறக்கும்போதும் துகள்கள் விழுகின்றன. சுத்திகரிப்பு வடிகட்டியின் நைலான் இழையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது கொலம்பியா ஆய்வு.

உடலை என்ன செய்யும்?

150 மைக்ரோமீட்டருக்கும் பெரிய துகள்கள் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை. கவலை மிகச் சிறியவற்றைப் பற்றித்தான். 2022இல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2024இல் வெளியான இத்தாலிய ஆய்வு, கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைக் கண்காணித்தது. அடைப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் அபாயம் மற்றவர்களைவிட நான்கரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணிக்கை அல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அது படியும்போது நுண்துகள்களையும் உள்ளே பிடித்துக்கொள்கிறது. கடினத்தன்மை மிகுந்த நீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் 90 சதவீதம் வரை நீங்கும் என்று சீனாவின் குவாங்சோ ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். ஆறவிட்டு, அடிப்படிவு கலங்காமல் வடிகட்டி, எவர்சில்வர் குடத்தில் ஊற்றிவைப்பது நல்லது. உப்பு நீக்கிய கேன் தண்ணீரில் இந்தப் பலன் மிகக் குறைவு.

அரசின் பொறுப்பு

உணவில் இத்துகள்களை அளக்கும் முறையை வகுக்க, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் லக்னோ, கொச்சி, பிலானி ஆய்வு நிறுவனங்களுடன் ஒரு திட்டம் தொடங்கியது. அளவீடு வரட்டும், உச்சவரம்பும் வர வேண்டும். அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. 20 லிட்டர் கேன்களைத் திறந்த வண்டியில் உச்சி வெயிலில் ஏற்றிச் செல்வதையும், கடை வாசலில் காயவிடுவதையும் தடுக்க இன்னொரு ஆய்வு வேண்டியதில்லை. சோதனைக்குப் போகும் அதிகாரிகள் இருந்தால் போதும்.