தன் குரல் கேட்காமல் பாடும் குழந்தைக்கு ஒரு சிறிய பெட்டி

ஆண்டு விழா மேடையில் ஒரு குழந்தை சுருதி விலகிப் பாடினால், "இவளுக்குப் பாட்டு வராது" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தை பெயர் கொடுப்பதில்லை. வகுப்பறையில் நன்றாகப் பாடுபவள் மேடையில் மட்டும் தடுமாறினால், அவளுக்குத் தன் குரல் கேட்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கொரட்டூரில் நான் பணிபுரியும் பள்ளியில் விழா என்றால் திறந்த மைதானம்தான். ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரங்களிலும் பார்வையாளர்களை நோக்கி நிற்கும். மேடையில் இருப்பவருக்கு அவற்றின் முதுகுப்பக்கமே கிடைக்கும். அந்த நேரம் பார்த்து மின்சார ரயில் கடந்தால் கேட்கவே வேண்டாம். இரைச்சலில் நாம் அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் எதியேன் லொம்பார் 1911-இல் இதை விளக்கியதால் 'லொம்பார் விளைவு' என்று பெயர். கத்திப் பாடும்போது சுருதி நழுவும். தொண்டையும் விரைவில் கட்டிக்கொள்ளும். கிராமியப் பாடகர்கள் ஒரு காதைக் கையால் பொத்திப் பாடுவது தம் குரலைத் தாமே கேட்பதற்காகத்தான்.

இதற்குத் தீர்வு மானிட்டர் ஸ்பீக்கர். பாடுபவரை நோக்கிச் சாய்வாகத் தரையில் வைக்கும் சிறிய பெட்டி அது. கலைத் திருவிழாப் பயிற்சிக்காக எட்டாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுடன் சேர்ந்து ஒன்று செய்தோம்.

சிறிய பெட்டி எப்படிப் போதும்? திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. 1.5 மீட்டரிலிருந்து 6 மீட்டர் என்பது இரண்டு முறை இரட்டிப்பு. ஆகவே 12 டெசிபல் இழப்பு. அதாவது, 6 மீட்டர் தொலைவில் 160 வாட் செய்யும் வேலையை, அதே வகை ஸ்பீக்கர் 1.5 மீட்டரில் 10 வாட்டில் செய்துவிடும்.

அடுத்தது சாய்வு. குழந்தையின் காது தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்திலும், ஸ்பீக்கரின் நடுப்புள்ளி 15 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 105, கிடைத்தூரம் 150. இரண்டையும் வகுத்தால் 0.7. டேன்ஜென்ட் அட்டவணையில் இது ஏறத்தாழ 35 பாகை. ஏற்றக்கோணத்துக்கு எப்போதும் கலங்கரை விளக்கத்தையே வரையும் பத்தாம் வகுப்பினர், இந்தக் கணக்கைத் தாங்களே அளந்து போட்டார்கள்.

பெட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் ஒரு சரிவகம். உள்ளளவில் மேல்பக்கம் 14, அடிப்பக்கம் 34, செங்குத்தான பின்பக்கம் 28 செ.மீ. முன்பலகை தானாகவே 35 பாகை அளவில் சாய்ந்துவிடும். சரிவகப் பரப்பு 672 ச.செ.மீ.; அகலம் 28 செ.மீ. கொள்ளளவு 18,816 க.செ.மீ., ஏறத்தாழ 19 லிட்டர். 8 அங்குல ஸ்பீக்கர் இதில் நன்றாகப் பொருந்தும்.

பெட்டி சிறிதாகும்போது உள்ளே அடைபட்ட காற்று இறுக்கமான ஸ்பிரிங் போல ஸ்பீக்கரைத் தடுத்து, தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும். சிறு குழந்தைகளின் குரல் பெரும்பாலும் 200 ஹெர்ட்சுக்கு மேல் இருப்பதால் நமக்குக் குறையில்லை. இன்னும் துல்லியமாகச் செய்ய விரும்புவோர், ஸ்பீக்கருடன் வரும் தாளில் 'தீல்-ஸ்மால்' அளவுகளைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய கணக்கு அது.

ஸ்பீக்கரும் வயரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். 12 மி.மீ. ப்ளைவுட்டைத் தச்சரிடம் கொடுத்து அறுத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளில் மரப்பசை தடவி, திருகு முடுக்கி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வையுங்கள். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரல்நுனிகளால் மெல்ல அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது என்று பொருள்.

பாதுகாப்பில் இரண்டு செய்திகள் முக்கியம். 230 வோல்ட் வேலை எதையும் மாணவர்களிடம் கொடுக்கக் கூடாது. ஆயத்தமாகக் கிடைக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையரை வாங்குவதே நல்லது. பள்ளியின் ஆம்ப்ளிஃபையரில் குழாய் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் முனைகள் இருக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கரை அவற்றில் இணைத்தால் எரிந்துபோகும்.

பெட்டியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "மைக் ஊளையிடாதா?" என்பதுதான். மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கர் வழியே வெளிவந்து மீண்டும் மைக்கில் நுழைவதால் ஊளை பிறக்கிறது. மேடைகளில் பரவலாகப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக், பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவே வாங்கும். ஆகவே பெட்டி குழந்தைக்கு எதிரே, மைக்கின் வால் பார்க்கும் திசையில் இருக்க வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தினால் அந்தத் தன்மை கெட்டுவிடும். பிடியை மட்டும் பிடிக்கப் பழக்குங்கள். ஒலியைக் கூட்டிக்கொண்டே போய், ஊளை தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துங்கள்.

ஒத்திகையில் முதன்முதலாக இதன்முன் பாடிய ஆறாம் வகுப்பு மாணவி, இரண்டாவது வரியிலேயே குரலைத் தணித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. தன் குரலைக் கேட்டு அவளே சரிசெய்துகொண்டாள்.

பெட்டி செய்ய வசதியில்லாத பள்ளிகளும் ஒன்று செய்யலாம். விழாவுக்கு முந்தைய நாள், குழந்தை நிற்கப்போகும் இடத்தில் நாமே நின்று, மைக்கில் நான்கு வரி பாடிப் பார்க்கலாம். நமக்கு என்ன கேட்கிறதோ, அதுதான் குழந்தைக்கும் கேட்கும்.