உங்களுக்குத் தெரியுமா? காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ, கட்டணம் கட்ட எத்தனை வழி!

காட்டுப்பாக்கத்துக்காரர்களே, மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் நின்று அண்ணாந்து பாருங்கள்! தலைக்கு மேலே போவது மெட்ரோ பாலம். மெரினா கலங்கரை விளக்கத்தில் தொடங்கி பூந்தமல்லி பைபாஸில் முடிகிற தடம் இது. மொத்த நீளம் 26.1 கி.மீ.!

முழுத் தடமும் ஓடத் தொடங்கிவிட்டால் வண்டி மாறவே வேண்டாம். காட்டுப்பாக்கத்தில் ஏறுங்கள், கடற்கரையில் இறங்குங்கள்!

பூந்தமல்லி பைபாஸ் முதல் போரூர் சந்திப்பு வரை எத்தனை நிலையங்கள் தெரியுமா? சரியாக 10! பூந்தமல்லி, முல்லைத் தோட்டம், கரையான்சாவடி, குமணன்சாவடி எல்லாம் தாண்டி ஆறாவதாக வருகிறது நம்ம காட்டுப்பாக்கம். அடுத்தது ஐயப்பன்தாங்கல்!

இந்தத் தடத்தில் சக்கரம் முதலில் உருண்ட நாள் 2025 மார்ச் 20. பூந்தமல்லியிலிருந்து முல்லைத் தோட்டம் வரை வெறும் 2.5 கி.மீ. சோதனை ஓட்டம். அடுத்த 39ஆம் நாளே, ஏப்ரல் 28 அன்று, வண்டி காட்டுப்பாக்கத்தைத் தாண்டி போரூரைத் தொட்டுவிட்டது!

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது 1856 ஜூலை 1 அன்று. ஆவடி வழியாகத்தான் போனது! அந்த ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுப்பாக்கத்தின் தலைக்கு மேல் ரயில் ஓடிய ஆண்டு 2025. நடுவில் 169 ஆண்டுகள்!

இன்னும் பின்னால் போகலாம், வாங்க. இந்தியாவின் முதல் தண்டவாளமே நம்ம பக்கம்தான்! 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குப் போட்டார்கள். பம்பாய்-தாணே ரயிலுக்கு 16 ஆண்டுகள் மூத்தது! அதில் டிக்கெட் விலை எவ்வளவு என்கிறீர்களா? டிக்கெட்டே கிடையாது. ஏறியதெல்லாம் சாலை போடும் கற்கள்!

காட்டுப்பாக்கம் வழியே போகும் ரயிலில் ஓட்டுநரே இல்லாமல் ஓடும் வசதி இருக்கிறது! முழுத் தானியங்கி மெட்ரோவை ஆரம்பத்திலேயே விட்ட ஊர்களில் ஒன்று பிரான்ஸின் லீல், 1983இல். இந்தியாவில் முதலில் டெல்லி, 2020 டிசம்பர் 28 அன்று. அந்த வரிசையில் இப்போது நம்ம பூந்தமல்லி சாலை!

இதே சென்னையில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு-ஆலந்தூர் தடத்தில் முதல் மெட்ரோ கிளம்பியபோது ஓட்டியவர் ஒரு பெண்! இதை எத்தனை முறை சொன்னாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

சென்னை மெட்ரோவின் முதல் 9 ரயில்கள் எங்கிருந்து வந்தன? பிரேசிலிலிருந்து, கப்பலில்! காட்டுப்பாக்கத்துக்கான 3 பெட்டி ரயில்கள் எங்கே தயாராயின? ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வருகிற ஸ்ரீசிட்டியில். கடல் கடந்து வந்தது போய், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துசேரும் தூரம்!

ஆவடி புறநகர் ரயிலை அப்படியே தூக்கி காட்டுப்பாக்கம் பாலத்தில் வைத்தால் ஓடுமா? ஓடாது! புறநகர் ரயிலின் தண்டவாள அகலம் 1676 மில்லிமீட்டர். மெட்ரோவுக்கு 1435தான். வித்தியாசம் 241!

ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை ஒரே தூண் வரிசையில் இரண்டு மெட்ரோ தடங்கள், மாடிக்கு மேல் மாடியாக! போக, வர என்று கணக்குப் பார்த்தால் ஒரு தூணுக்கு 4 ரயில் பாதைகள்!

நகருக்குள் இதே தடம் சுரங்கத்தில் போகிறது. தோண்டியவை பறவைகள்! நம்ப முடியவில்லையா? பனகல் பூங்காவிலிருந்து கோடம்பாக்கத்துக்குத் துளைத்த ராட்சத இயந்திரங்களின் பெயர்கள் மயில், பெலிகன். கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பியவை ஃபிளமிங்கோ, கழுகு. மாதவரம்-சிறுசேரி தடத்தில் மண்ணுக்குள் போனவை மலைகள்: நீலகிரி, ஆனைமலை, கல்வராயன், சேர்வராயன், கொல்லி!

சரி, பையில் கை வைக்கிற விஷயத்துக்கு வருவோம். சுவாரசியமே இங்கேதான்!

சென்னை மெட்ரோவில் கட்டணம் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது! அதிகபட்சக் கட்டணம் ரூ.70 ஆக இருந்தது. 2021 பிப்ரவரியில் ஒரே வெட்டாக ரூ.50!

அப்போது வந்த அட்டவணையை மனப்பாடமே செய்துவிடலாம். 2 கி.மீ. வரை ரூ.10. 5 வரை ரூ.20. 12 வரை ரூ.30. 21 வரை ரூ.40. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் ரூ.50தான்!

2015இல் மெட்ரோ ஓடிய முதல் நாளில் கோயம்பேடு-ஆலந்தூர் டிக்கெட் ரூ.40. ஏறத்தாழ 10 கி.மீ. தூரம். இந்த அட்டவணைப்படி அதே தூரத்துக்கு ரூ.30! எந்தப் பொருளுக்கு இப்படி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்?

பழைய மெட்ரோ ரயிலில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று ஒரு வகுப்பு இருந்தது. கட்டணம் அப்படியே இரண்டு மடங்கு! பிறகு அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். அருமையான முடிவு!

டிக்கெட் என்றால் அப்போதெல்லாம் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன். உள்ளே போகும்போது வாயிலில் காட்ட வேண்டும், வெளியே வரும்போது வாயிலுக்குள் போட்டுவிட வேண்டும். பிறகு க்யூஆர் வந்தது. இப்போது சின்னத் தாள்கூட வேண்டாம், கைப்பேசித் திரையே டிக்கெட்!

வாட்ஸ்அப்பில் மெட்ரோ டிக்கெட் வாங்கலாம்! 2023 மே 17 முதல் இந்த வசதி உண்டு. மெட்ரோவின் எண்ணுக்கு ஒரு 'ஹாய்' அனுப்பினால் போதும், எங்கிருந்து எங்கே என்று அதுவே கேட்கும்!

அதே ஆண்டு டிசம்பரில் மெட்ரோ நிறுவனத்தின் பிறந்தநாளுக்கு என்ன பரிசு கொடுத்தார்கள் தெரியுமா? கைப்பேசி க்யூஆர் டிக்கெட் எடுத்தால் எங்கே போனாலும் ரூ.5!

கிரிக்கெட் டிக்கெட்டே மெட்ரோ டிக்கெட் ஆன ஊர் சென்னை! சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் ஏறினார்கள். தனி டிக்கெட் வாங்கவே இல்லை!

இப்போது சிங்காரச் சென்னை அட்டை! பிறந்த நாள் 2023 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. இதே அட்டையை டெல்லி மெட்ரோவில் காட்டினாலும் கதவு திறக்கும். காட்டுப்பாக்கத்தில் வாங்கி கனாட் பிளேஸில் இறங்கலாம்!

அட்டைக்குள் இருக்கும் சில்லிலேயே பணம் இருக்கிறது. நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கட்டணம் கழியும்! அந்தச் சில்லுப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு ரூ.2,000.

2025 ஜனவரி முதல் அதே அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லும். பேருந்தில் ஐயப்பன்தாங்கல் டிப்போ வந்து இறங்கி, மெட்ரோ ஏறி, திரும்பப் பேருந்து பிடித்து வீடு போக ஒரே அட்டை. நடத்துநரிடம் சில்லறைக்காகக் காத்திருந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது!

பழைய நீல மெட்ரோ அட்டையை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறீர்களா? 2025 ஆகஸ்ட் 1 முதல் அதற்கு ரீசார்ஜ் நிறுத்தியாகிவிட்டது! உள்ளே இருக்கிற பணத்தை ஓட்டித் தீர்த்துவிட்டு சிங்காரச் சென்னைக்கு மாறுவதுதான் வழி.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது 'சென்னை ஒன்று' செயலி! 2025 செப்டம்பர் 22 அன்று அறிமுகம். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர். ஆட்டோவும் டாக்ஸியும்கூட அதிலேயே. இந்தியாவில் இப்படி ஒரு செயலி இதுதான் முதல்! மூன்று விதமான வண்டிக்கு மூன்று வரிசையில் நின்ற ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

செயலியைப் பிரபலப்படுத்த அதே ஆண்டு நவம்பரில் ஒரு சலுகை விட்டார்கள். பேருந்தோ மெட்ரோவோ புறநகர் ரயிலோ, ஒருவருக்கு ஒரு முறை டிக்கெட் விலை 1 ரூபாய்!

புதுத் தடம் திறந்தால் ஓசிப் பயணமும் உண்டு! 2018இல் சென்ட்ரல் வரை திறந்தபோதும், 2019இல் வண்ணாரப்பேட்டை வரை திறந்தபோதும் முதல் சில நாட்கள் மக்கள் காசே கொடுக்காமல் குடும்பத்தோடு போய்வந்தார்கள்!

மற்ற ஊர்களில் எப்படி? லண்டனில் 1863இல் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியபோதே மூன்று வகுப்பு, மூன்று விலை. 3 பென்ஸ், 4 பென்ஸ், 6 பென்ஸ்!

நியூயார்க்கில் 1904இல் கட்டணம் 5 சென்ட். 1948 வரை அதே 5 சென்ட். 44 ஆண்டுகள், இரண்டு உலகப் போர்கள், ஒரு காசு ஏறவில்லை!

அங்கே டோக்கன் ஏன் வந்தது தெரியுமா? 1953இல் கட்டணம் 15 சென்ட் ஆனது. அந்த மதிப்பில் நாணயமே கிடையாது! வாயில் இயந்திரமோ இரண்டு நாணயங்களை வாங்காது. கட்டணத்துக்காகவே புதிதாக ஒரு காசு அடித்தார்கள்!

ஹாங்காங்கில் 1997இல் வந்த ஆக்டோபஸ் அட்டையை ரயிலிலும் காட்டலாம், கடையில் காட்டி நூடுல்ஸும் வாங்கலாம். மாஸ்கோவில் 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும்! லக்ஸம்பர்க்கில் 2020 முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் எல்லாம் இலவசம். முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு!

நம்ம ஊர் என்ன குறைந்துவிட்டது? 2021 மே முதல் சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் 0!

சென்னை மெட்ரோவில் 2025 ஜூலை மாதம் மட்டும் எத்தனை பேர் போனார்கள் தெரியுமா? ஒரு கோடிக்கும் மேல்! அதில் காட்டுப்பாக்கத்தில் ஏறியவர் ஒருவர்கூட இல்லை. நம்ம கூட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

மெட்ரோ இரண்டாம் கட்டம் முழுவதும் சேர்த்து 118.9 கி.மீ. மதிப்பீடு ரூ.63,246 கோடி. கணக்குப் போட்டுவிட்டேன். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ.532 கோடி! அதில் போக நீங்கள் கொடுப்பது பத்து, இருபது, முப்பது!

பூந்தமல்லியோடு நிற்கப் போவதில்லை! ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டத் திட்ட அறிக்கை தயார். 52.94 கி.மீ., 20 நிலையங்கள். மேற்கே கடைக்கோடி என்று நினைத்த காட்டுப்பாக்கம் அப்போது நடு ஊர்!

கடைசியாக, வீட்டில் குட்டிப் பிள்ளை இருப்பவர்கள் கவனியுங்கள். ரயில்வேயில் குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா என்பதற்கு வயதைக் கேட்பார்கள். மெட்ரோவில் வயதைக் கேட்பதில்லை, உயரம்தான் கணக்கு! பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் காட்டுப்பாக்கம் முதல் கலங்கரை விளக்கம் வரை டிக்கெட் விலை பூஜ்யம்!