டிஸ்சார்ஜ் புக்கில் தேதி தப்பாக இருந்தால்

அனுப்பர்பாளையம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் செக்யூரிட்டி வேலைக்கு வருபவர்களில் பட்டாளத்தில் இருந்தவர்களும் உண்டு. சேரும்போது ஆதாரையும் டிஸ்சார்ஜ் புக்கையும் ஆபீஸில் நீட்டுவார்கள். பி.எஃப். கணக்குக்கு விவரம் பதிகிறவர், இரண்டிலும் பிறந்த தேதி வேறுவேறாக இருக்கிறதே என்று கேட்பார். "அதனால என்னங்க, பென்சன் வந்துட்டுத்தானே இருக்கு" என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. மற்ற தேதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், முதலில் பட்டாளத்தில் சேர்ந்த தேதியை.

சிப்பாய்க்குச் சாதாரணமாக 15 வருட சேவை இருந்தால்தான் சர்வீஸ் பென்சன். அதற்கு மேலும் சேவைக் காலத்தை அரையாண்டு அரையாண்டாகத்தான் கணக்கிடுகிறார்கள். மிச்சம் 3 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது அரையாண்டாகச் சேரும், குறைந்தால் கழிந்துபோகும். 17 வருடம் 3 மாதம் 2 நாள் வேலை செய்தவருக்கு, சேர்ந்த தேதியை எழுத்தர் ஒரு வாரம் தள்ளி எழுதிவிட்டால் ஓர் அரையாண்டே போய்விடும். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' அட்டவணையும் பதவியையும் சேவைக் காலத்தையும் வைத்துத்தான் இருக்கிறது. அந்த நட்டம் மாதாமாதம், ஆயுள் முழுக்கத் தொடரும்.

மனைவியின் பிறந்த தேதியில் வரும் பிழையை யாரும் கவனிப்பதே இல்லை. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்ணுக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40. குறைந்தபட்சமான 9,000 ரூபாய் வாங்குபவருக்கே இது மாதம் 1,800 ரூபாய், அகவிலைப்படி தனி. பென்சன் ஆணையில் அவர் பிறந்த தேதியே இல்லை என்றாலோ, வயதைக் குறைத்து எழுதியிருந்தாலோ, உரிய நேரத்தில் அந்தப் பணம் வராது.

இதில் ஒரு வேறுபாடு முக்கியம். மனைவி, பிள்ளைகள் விவரம், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி ஆகியவற்றில் எழுத்துப் பிழை இருந்தால், ஆதாரம் காட்டி ஓய்வுக்குப் பிறகும் திருத்தம் கேட்கலாம். படைவீரரின் சொந்தப் பிறந்த தேதி அப்படியல்ல. தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங்கின் பள்ளிச் சான்றிதழ் 1951 என்றது. தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான விண்ணப்பத்தில் 1950 என்று இருந்தது. ராணுவத் தலைமையகத்தின் ஒரு பிரிவு ஒன்றையும் இன்னொரு பிரிவு மற்றொன்றையும் பல வருடம் வைத்திருந்தன. உச்ச நீதிமன்றம் வரை போனவர், 2012 பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றார். 1950-ஐ வைத்தே 2012 மே 31-ல் ஓய்வு பெற்றார். பணியின் கடைசிக் கட்டத்தில் வந்து வயதை மாற்றக் கேட்பவர்களை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. எனவே டிஸ்சார்ஜ் புக்கும் பள்ளிச் சான்றிதழும் ஒத்துப்போய், ஆதார் மட்டும் வேறாக இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள்.

சேவைப் பதிவில் நிஜமாகவே பிழை என்றால், போக வேண்டிய இடம் உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. ஆர்மி நம்பர், பதவி, தவறான தேதி, சரியான தேதி, அதற்கான சான்று எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். நகலும் தபால் ரசீதும் கையில் இருக்கட்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். ரெக்கார்ட் ஆபீஸ் ஏற்றுக்கொண்டால், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் திருத்திய பென்சன் ஆணை தரும். அது வந்த பிறகு, பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பார்ஷ் இணையதளத்திலும் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய தாள்கள் கையில் இல்லையென்றால், உங்கள் சேவைப் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ரெக்கார்ட் ஆபீஸ் திருத்த மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மறுப்பு உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். மனு கொடுத்து 6 மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலும் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

தாமதத்துக்கு விலை உண்டு. 1983-ல் மருத்துவக் காரணத்தால் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்ட தர்சேம் சிங், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு 1999-ல்தான் வழக்குப் போட்டார். 2008-ல் உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருட நிலுவையை மட்டுமே கொடுத்தது. அதற்கு முந்தைய வருடங்களின் பணம் போனது போனதுதான்.

'நான் முடித்துத் தருகிறேன்' என்று வரும் புரோக்கரிடம் அசல் டிஸ்சார்ஜ் புக்கைக் கொடுக்காதீர்கள், ஸ்பார்ஷ் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள். போலிச் சான்றிதழ் வாங்கித் தேதியை மாற்ற முயன்றால் குற்ற வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால், டிஸ்சார்ஜ் புக், பென்சன் ஆணை, ஆதார் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதியாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை கண்ணில் பட்டால், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கையெழுத்தோடு மனு போய்ச் சேரட்டும்.