சுவரோடு ஒரு வேலை மேசை

மண்வெட்டிப் பிடியைத் தரையில் குந்தியிருந்து சீவினால் முதுகு நோகும். சிறு கொட்டிலிலும் சுவரோடு ஒரு வேலை மேசை அமைக்கலாம்.

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் உயரமே மேசையின் உயரம்.

மண் சுவர் தனியே பாரந் தாங்காது. எனவே சுவரோடு ஒட்டி இரு கப்புகளை 2 அடி ஆழத்தில் நட்டு, மேல் நுனிகளைக் கூரை வளையோடு இறுக்குங்கள். ஒவ்வொரு கப்பிலும் 2 அடி நீளச் சட்டமொன்றைக் கிடையாகப் பூட்டி, அதன் முன்நுனியிலிருந்து கப்பின் கீழ்ப்பகுதிக்குச் சாய்வுச் சட்டம் கொடுங்கள். முக்கோணம் ஆடாது. மேலே தடித்த பலகை பரப்புங்கள்.

பாரம் ஏறும்போது மேல்மூட்டு வெளியே இழுபடும். ஆணி கழன்றுவிடும், ஊடுருவிப் பூட்டிய மரையாணி நிற்கும். ஊர் திரும்பும் நாளில் சுரைகளைக் கழற்றி, மேசையையும் கூடவே கொண்டு செல்லலாம்.